காஸ்பியன் புலிக்கு முன் மான் வேண்டும்

ஆசிரியருக்கு,

கஜகஸ்தான் காட்டில் மீண்டும் புலிகளை வாழவைக்கும் திட்டத்தில் விடப்போவது அழிந்த காஸ்பியன் புலியை அல்ல, அதன் நெருங்கிய உறவான அமுர் புலியை. இரண்டுக்கும் மரபணு வேறுபாடு மிகச் சொற்பம் என 2009 ஆய்வு காட்டியது. 2018இல் இதற்காக இலி ஆற்றுக் கழிமுகத்தில் இலே-பல்காஷ் காப்பகம் அமைத்தும் புலிகளை விட அவசரப்படாதது நல்லது. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 குளம்பு விலங்குகள் தேவை. மானும் காட்டுப்பன்றியும் போதாவிட்டால் ஆடுமாடுகளை அடிக்கும். ஊரார் விஷம் வைப்பார்கள். புகாரா மான்களை முதலில் விட்டது அதனால்தான். 2024இல் நெதர்லாந்திலிருந்து வந்த இரு புலிகள் இனப்பெருக்கத்துக்கே. மனித வாடைக்குப் பழகியவற்றைத் திறந்துவிடக் கூடாது.

பெருங்கவலை இலி ஆறுதான். மேல்பகுதி சீனாவில். அங்கே பாசனத்துக்கு அதிகம் எடுத்தால் கழிமுக நாணல் காய்ந்து பன்றிகளுக்கு ஒதுங்க இடமிருக்காது. நீர்ப்பங்கீட்டைப் புலி வருமுன்பே இரு நாடுகளும் பேசி முடிக்க வேண்டும்.