யுத்தம் யாருடையது

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். போனில் நீ கேட்டதற்கு அவசரமாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம். லண்டனில் உங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி, "யுத்தம் கர்த்தருடையது, ஆகவே ஜெயம் இவர்களுக்குத்தான்" என்று ஜெபித்தாராம். உனக்கு ஆமென் வரவில்லை என்றாய். வராமல் போனதே நல்லது என்பேன்.

தாவீது அதைச் சொன்னபோது அவன் கையில் கவணும் கல்லும்தான். பட்டயமும் ஈட்டியும் எதிரே நின்ற கோலியாத்திடம் இருந்தன. ஆயுதபலம் உள்ளவன் அதே வசனத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும்போது பழைய ஏற்பாடு அவனைச் சும்மா விடுவதில்லை. மோசேக்குப் பின் இஸ்ரவேலரை நடத்திய யோசுவாவையே பார். எரிகோ பட்டணத்துக்கு வெளியே உருவின பட்டயத்தோடு ஒருவர் நிற்கிறார். நீர் எங்களைச் சேர்ந்தவரா, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரா என்று யோசுவா கேட்கிறான். "அல்ல, நான் கர்த்தருடைய சேனையின் அதிபதியாய் இப்பொழுது வந்தேன்" என்று பதில் வருகிறது. இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்டவனுக்கு "அல்ல" என்று பதில்! யோசுவா அதற்குமேல் வாதாடவில்லை, முகங்குப்புற விழுந்தான்.

(அடுத்த அதிகாரத்தில் எரிகோவில் நடப்பதை இதைச் சொல்லி லேசாக்கிவிடலாம் என்று நினைக்காதே. ஆணும் பெண்ணும் குழந்தையும் கிழவரும் வெட்டப்படும் அந்தப் பகுதி எனக்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது.)

அப்புறம் ஆப்பெக்கில் நடந்த சண்டை. பெலிஸ்தரிடம் முதல் சண்டையில் 4,000 பேரைப் பறிகொடுத்த இஸ்ரவேலர் கர்த்தர் தங்களோடு இருப்பதற்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைச் சீலோவிலிருந்து பாளயத்துக்குத் தூக்கிவந்தார்கள். பூமி அதிரும்படி ஆர்ப்பரித்தார்கள். விளைவு, இந்த முறை 30,000 பேர் மாண்டார்கள், பெட்டியும் பெலிஸ்தர் கைக்குப் போனது. கர்த்தர் தோற்றுவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. பெலிஸ்தரின் அஸ்தோத் பட்டணத்தில் அவர்கள் தெய்வமான தாகோனின் சிலை அவர் பெட்டிக்கு முன்னால் விழுந்து கிடந்தது. தோற்றது இஸ்ரவேல்தான்.

இஸ்ரவேலின் ராஜா ஆகாப் கீலேயாத்திலுள்ள ராமோத்தைப் பிடிக்கப் புறப்பட்டபோது ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் போ, ஜெயம் உனக்கே என்றார்கள். அவர்களில் சிதேக்கியா என்பவன் இரும்புக் கொம்புகளே செய்து கொண்டுவந்து ஆடிக்காட்டினான். மிகாயா என்ற தீர்க்கதரிசி ஒருவன்தான் வேண்டாம் என்றான், அவனுக்குச் சிறை. ஆகாப் வேஷம் மாறிப் போனான். எவனோ ஒருவன் குறிபார்க்காமல் எய்த அம்பு கவசத்தின் சந்தில் பாய்ந்தது.

சரி, இவர்களெல்லாம் கர்த்தரின் பெயரைச் சொல்லித் தோற்ற இஸ்ரவேலர். அந்நியன் சொன்னால்? கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டுக்குள் வந்தான். எருசலேம் மதிலுக்குக் கீழே நின்று அவன் ஆள் ரப்சாக்கே, கர்த்தருடைய கட்டளையில்லாமலா நான் வந்தேன், இந்தத் தேசத்துக்கு விரோதமாய்ப் போ என்று அவர்தான் சொன்னார் என்கிறான். வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது. அசீரியா என் கோபத்தின் கோல் என்று ஏசாயா 10-ல் கர்த்தரே சொல்கிறார். அதே அதிகாரத்தில், வெட்டுகிறவனுக்கு முன்னால் கோடரி பெருமை பேசுமா என்றும் கேட்கிறார். ஆக, அனுப்பப்பட்டவன் என்பதால் அவன் செய்ததெல்லாம் சரியாகிவிடவில்லை.

நீ பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இன்னும் போகவில்லை என்றால் கட்டாயம் போ. நினிவேயில் சனகெரிப்பின் அரண்மனைச் சுவரில் இருந்த, யூதாவின் பட்டணமான லாகீஸின் முற்றுகைச் சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. சிறைபிடிக்கப்பட்ட குடும்பங்கள் வண்டியில் சாமான் ஏற்றிப் போவதும், கழுவில் ஏற்றப்பட்டவர்களும், சிம்மாசனத்தில் உட்கார்ந்து அவன் பார்ப்பதும் கல்லில் இருக்கும். அவன் கல்வெட்டும் அங்கே உண்டு. அரணான 46 பட்டணங்களைப் பிடித்தேன், யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்தேன் என்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. நம் பிரசங்கங்களில் கர்த்தருடைய தூதன் அசீரியரில் 1,85,000 பேரைச் சங்கரித்தது தவறாமல் வரும். அதற்கு முன்னால் எசேக்கியா ஆலயக் கதவுகளின் பொன்தகட்டையெல்லாம் கழற்றி, 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னுமாகக் கப்பம் கட்டியது வரவே வராது. எருசலேம் தப்பியது, ஆனால் லாகீஸ் தப்பவில்லை. அதே யூதா, அதே கர்த்தர்.

இவற்றைவிட என்னைக் கலங்கவைப்பது பின்னாளில் யூதாவை ஆண்ட யோசியா ராஜா. அவனைப்போல் ஒரு ராஜா முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று வேதமே சாட்சி சொல்கிறது. கி.மு. 609-ல் எகிப்தின் பார்வோன் நேகோ ஐப்பிராத்து நதியை நோக்கிப் படையோடு போகிறான். யோசியா மெகிதோவில் மறிக்கிறான். உன்னோடு எனக்குச் சண்டையில்லை, தேவன் என்னைத் துரிதப்படுத்துகிறார், அவருக்குக் குறுக்கே நிற்காதே என்று நேகோ சொல்லி அனுப்புகிறான். எகிப்தியன் சொல்வதை யார் கேட்பார்? யோசியா கேட்கவில்லை. அவை தேவனுடைய வாயிலிருந்து வந்த வார்த்தைகள் என்று நாளாகமம் எழுதியவர் சொல்லிவிடுகிறார். இன்னொன்றையும் கவனி. யோசியாவும் வேஷம் மாறிப் போனான், அம்பு பட்டது, காயப்பட்டேன் என்னைக் கொண்டுபோங்கள் என்றான். ஆகாபின் சாவு அப்படியே! இருப்பதில் மோசமான ராஜாவுக்கும் நல்ல ராஜாவுக்கும் ஒரே முடிவை எழுதியிருக்கிறார்கள். ராஜாக்களின் புத்தகமோ காரணமே சொல்லாமல் நேகோ அவனைக் கொன்றான் என்று ஒரே வரியில் கடந்துபோகிறது. எனக்கு அந்த மௌனம்தான் நேர்மையாகப் படுகிறது.

அந்தச் சகோதரரோடு நீ தர்க்கம் பண்ண வேண்டாம். அவரும் யாருக்காகவோ பயந்துதான் அப்படி ஜெபித்திருப்பார். அடுத்த முறை வேதபாடம் உன் பங்குக்கு வந்தால் உபாகமம் 20 வாசி. புது வீடு கட்டிக் குடிபோகாதவன், திராட்சத்தோட்டம் நட்டு அதன் பலனை அநுபவிக்காதவன், நிச்சயம் பண்ணிய பெண்ணை இன்னும் விவாகம் பண்ணாதவன், பயப்படுகிறவன், எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று படைக்கு முன்னால் நின்று அறிவிக்கச் சொல்கிற சட்டம் அது. இத்தனை பேரை அனுப்பிவிட்டால் படையில் யார் மிஞ்சுவார்கள் என்று அங்கே யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

அன்புடன்,
அப்பா