நாடக மேடையைத் தாண்டிப் போய்விட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தமிழ்ப் பாடகர்கள் வரலாறு பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஓதுவார்களில் தொடங்கி, தஞ்சை அரண்மனை, சென்னை சபாக்கள், இசைத்தட்டு, சினிமா என்று வரிசையாகக் கொண்டுவந்திருக்கிறார் கட்டுரையாளர். உழைத்து எழுதியது தெரிகிறது. ஆனால் சபாவிலிருந்து சினிமாவுக்கு ஒரே தாவலாகத் தாவிவிட்டார். இடையில் இருந்த நாடக மேடைக்குக் கிடைத்தது இரண்டே வரி. அந்த இரண்டு வரியிலும் ஒரு பிழை இருக்கிறது.

'திரைப்படப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா' என்று அச்சாகியிருக்கிறது. கிட்டப்பா ஒரு படத்தில்கூட நடித்ததில்லை. தமிழில் முதல் பேசும்படம் வந்தது 1931 அக்டோபரில். 1933 டிசம்பரில் அவர் போய்விட்டார், 27 வயதில். செங்கோட்டையில் பிறந்த அந்த மனிதர் பாடியதெல்லாம் நாடகக் கொட்டகையில். கொட்டகைக்குப் போக முடியாதவர்கள் கேட்டது இசைத்தட்டில். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிட்டால் அது சரியாகிவிடும். நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதற்கு அடுத்த வரிதான்: 'ஒலிபெருக்கி இல்லாததால் உச்சஸ்தாயியில் கத்திப் பாடிய காலம் அது.'

கத்தினார்கள் என்று எப்படி எழுத மனம் வந்தது?

என் பெரியப்பா சிவகங்கைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஹார்மோனியம் வாசித்தவர். எங்கள் ஊரில் ஹார்மோனியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பெட்டி என்பார்கள். அவர் பெட்டிக்காரர். நாடக நோட்டீஸில் 'ஆர்மோனியம், பின்பாட்டு' என்று போட்டு அவர் படமும் இருக்கும். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒரே கம்பெனி கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், கோமாளியான பபூன் வேறு ஊர். தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்து வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, இரவு பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்படியும் விடிய விடிய வள்ளி திருமணம் தடங்கலில்லாமல் நடக்கும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும், வாதப் பேச்சான தர்க்கமும் எல்லாருக்கும் பொதுச் சொத்து என்பதுதான் காரணம். அதையெல்லாம் ஒன்றாகக் கட்டிப் பிடித்திருப்பவர் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்காரர்.

வேடம் போடும் இடத்தில் நான் சிறுமியாகப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. வள்ளி வேடக்காரம்மா ஒரு கையால் கொண்டையைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஊசியோடு, "அண்ணே, இன்னிக்கு நாலரை வச்சுக்குங்க, தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு" என்பார். பெரியப்பா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே தலையாட்டுவார். நாலரை என்றது பாடுகிற சுருதியை. பெட்டியில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவார்கள். இடையில் உள்ள கறுப்புக் கட்டை அரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லவே இல்லை. மூன்றரை கேட்டு வரும் புதுப் பையன்களைப் பெரியப்பா மறுபடி உட்காரவைத்துப் பெட்டியைத் தொட்டுக் காட்டுவார். அந்த அரைக் கட்டை வித்தியாசத்துக்கு அவ்வளவு கணக்குப் பார்த்த மனிதர்கள் கத்துகிறவர்களா?

சிரமம் தொண்டைக்கு மட்டும் இல்லை. பொட்டலில் பந்தல் போட்டு, பாய் விரித்து ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை அழும், வேர்க்கடலை விற்பவன் குரல் கொடுப்பான், மிருதங்கமும் பெட்டியும் பக்கத்திலேயே முழங்கும். ஒரு கட்டையில் பாடும் ஆண்குரல் அந்த இரைச்சலுக்குள்ளேயே கரைந்துபோகும். நாலு, ஐந்து கட்டைக்குப் போனால் குரல் இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கும், கடைசிப் பாய்வரை போகும். போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, சொல் புரிய வேண்டும். அதற்குத்தான் விருத்தம். தாளத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சீரையும் பிரித்து, முதல் எழுத்தில் நின்று, ராகத்தை விரித்துப் பாடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா நூறு விருத்தம் சொல்வாள். அத்தனையும் கொட்டகையில் காதால் வாங்கியது.

சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையிலும், அதற்கு முன்னும் பின்னும் இருந்த, சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனிகளிலும் பிள்ளைகளை ஏழெட்டு வயதில் சேர்த்துவிடுவார்கள். அங்கே எல்லாரும் பயந்த சொல் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினாலு வயதில் குரல் உடையும் பருவம். நேற்றுவரை ஸ்திரீபார்ட் பாடி ஒன்ஸ்மோர் வாங்கிய பையனுக்கு இன்று மேல் ஸ்தாயி எட்டாது. வேடம் போகும், சிலருக்குக் கம்பெனியே போகும். உடைந்த குரல் தேறி, மறுபடி மேலே எழும்பியவர்கள்தான் ராஜபார்ட் ஆனார்கள். கிட்டப்பாவின் தட்டைக் கேட்கும்போது இதை நினைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரு தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான். மேடையில் ஒரே பாட்டை ஒன்ஸ்மோர் ஒன்ஸ்மோர் என்று திரும்பத் திரும்பப் பாடியவரை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடக்கிவைத்திருக்கிறார்கள். அந்த அவசரமும் சேர்ந்துதான் நம் காதுக்குக் கத்தல் மாதிரி வருகிறது.

கே.பி. சுந்தராம்பாளைக் கட்டுரையாளர் 'சினிமா தந்த குரல்' என்கிறார். நடந்தது நேர்மாறு. கொடுமுடிப் பெண்ணான அவர் 1926-இல் கொழும்பில் கிட்டப்பாவோடு மேடையேறியபோது தமிழ்ப் பேசும்படம் பிறக்கவே இல்லை. கணவரான கிட்டப்பா இறந்தபின் வெள்ளைப் புடவைக்கு மாறியவர், இனி ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தார். அவரை 1935-இல் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து நந்தனார் வேடத்துக்கு, ஆண் வேடத்துக்கு, அழைத்தார்கள். அன்றைக்கு ஒரு லட்சம் என்பது நினைத்துப் பார்க்க முடியாத தொகை. சினிமா அதை எதற்குக் கொடுத்தது? கொட்டகையில் விளைந்த அந்தக் குரலுக்கு. பிற்காலப் படங்களில் ஔவையாராக வந்து பாடும்போதும் அவர் மைக்குக்காகக் குரலைச் சுருக்கவில்லை. கடைசிப் பாயில் இருப்பவனுக்காகத்தான் பாடினார்.

நாடகப் பாடகர் விசுவநாத தாஸ் பெயரே கட்டுரையில் இல்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தம். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற கதைக்குள்ளேயே வெள்ளைக் கொக்கு பறக்கிற பாட்டைக் கொண்டுவந்து பாடினார். கொக்கு வெள்ளைக்காரன்தான் என்று பாமரனுக்கும் தெரிந்தது, போலீஸுக்கும் தெரிந்தது. எத்தனையோ தடவை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் ராயல் தியேட்டரில் முருகனாக மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. பாடகர்களின் வரலாறு என்று தலைப்பு வைத்துவிட்டு, பாடிக்கொண்டே செத்தவரை எப்படி விட முடிந்தது?

அதே 1940-இல், மார்ச் மாதம், அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. வெளிநாட்டுக் கருவி, சுரத்தை அசைத்துப் பாடும் நம் கமகமும் நுண்சுருதியும் அதில் வராது என்பது வாதம். கமகம் வராது என்பது உண்மைதான், பெரியப்பாவே ஒத்துக்கொள்வார். "கமகம் பாடுறவன் தொண்டையில வரணும், பெட்டி சுருதியைப் பிடிச்சா போதும்" என்பார். முப்பது வருஷம் கழித்துத்தான் அந்தத் தடை தளர்ந்தது. அந்த முப்பது வருஷமும் வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பெட்டியோடு பாடுவது தாழ்ந்த பாட்டு என்று மனதில் பதிந்துவிட்டது. நாடகப் பாட்டைச் சங்கீதக் கணக்கில் சேர்க்காமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த எண்ணம் இன்னும் போகவில்லை. நாலு வருஷம் முன்பு என் தம்பி மகள் ஒரு பாட்டுப் போட்டியில் வள்ளலார் பாடல் ஒன்றை விருத்தமாகப் பாடினாள். பெரியப்பாவிடம் கற்றது. ஐந்தரைக் கட்டையில், மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாடினாள். நடுவர் ஒருவர், "நல்ல சுருதிம்மா, ஆனா இது நாடகக் குரல். கொஞ்சம் மென்மையா பாடக் கத்துக்கோ" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மென்மையாகப் பாடுவது ஒரு அழகு, நான் மறுக்கவில்லை. மைக் வந்தபின் அடித்தொண்டையில் முணுமுணுத்தாலும் கேட்கும், அதனால் பிறந்த அழகு அது. அதை வைத்து மைக் இல்லாத காலத்துக் குரலுக்கு மார்க் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் பங்குனி, சித்திரையில் இன்றும் வள்ளி திருமணம் நடக்கிறது. இப்போது மைக் செட், டியூப் லைட் எல்லாம் உண்டு, ஆனால் பின்பாட்டுப் பாடும் பழைய பெட்டிக்காரர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. உங்கள் நிருபரை ஒரு இரவு அனுப்புங்கள். அரை மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், பபூன் வருவதிலிருந்து விடியற்காலைக் கல்யாணம் வரை உட்கார்ந்து முழுதாக ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். யார் எத்தனைக் கட்டையில் பாடினார், எந்த ராகத்தில் விருத்தம் எடுத்தார் என்று எழுதச் சொல்லுங்கள். மிருதங்கம், ஆல்ரவுண்டு என்கிற பல வாத்தியக்காரர், தாளம் போடுகிறவர்கள் பெயரையும் விடாமல் போடுங்கள்.

பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. காது மந்தமாகிவிட்டது, விரல் இன்னும் ஓடுகிறது. எங்கள் ஊரில் வருகிற சித்திரையில் நாடகம் இருக்கிறது. தேதி குறித்ததும் நோட்டீஸைத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
சிவகங்கை மாவட்டம்.