பெல்ட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போடு, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் பேசும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "கார் பெல்ட் வயித்த அழுத்துதுப்பா, அதனால தோள்மேல வர்ற பட்டைய முதுகுக்குப் பின்னால விட்டுட்டு ஓட்டுறேன்" என்றாய். அப்போது நான் எதுவும் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு வேலை முடித்துக் களைத்து வந்திருந்தாய், உன் குரலிலேயே தெரிந்தது. ஆனால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அம்மா உன்னை வயிற்றில் சுமந்திருந்த எட்டாம் மாதம். நான்தான் ஓட்டினேன், அம்மா பக்கத்தில். அவளும் பெல்ட் போட்டிருந்தாள், ஆனால் கீழ்ப்பட்டை வயிற்றின் மேட்டுக்கு மேலேயே கிடந்தது. அது தப்பு என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. வேகம் 30 கிலோமீட்டர்கூட இருக்காது. முன்னால் போன வண்டி திடீரென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன், கூடவே ஒரு கை தானாக அம்மாவின் பக்கம் நீண்டது. இடிக்கவில்லை, கண்ணாடிகூடக் கீறவில்லை. "ஒண்ணும் இல்ல, போங்க" என்றாள் அம்மா. வீட்டுக்குப் போய்விட்டோம்.

ராத்திரி அவள் வயிறு கல் மாதிரி இறுகியது. நீ அசையவில்லை என்றாள். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "மதியமே ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை?" என்று டாக்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டி மானிட்டரில் போட்டார்கள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் குதிரை ஓடுகிற மாதிரி டொக் டொக் டொக் என்று உன் இதயம் கேட்டது. விடியும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ நன்றாகத்தான் இருந்தாய். ஆனால் அன்றைக்கு டாக்டர் விளக்கியதை இன்றுவரை மறக்கவில்லை.

கர்ப்பப்பை தசை, அது இழுபடும், நெளியும். அதன் உள்சுவரில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடி அப்படி இழுபடாது. வண்டி சட்டென்று நிற்கும்போது ஒன்று நெளிந்துகொடுக்க, மற்றது நெளியாமல் பிய்ந்து விலகலாம். பிள்ளைக்கு மூச்சும் சாப்பாடும் அது வழியாகத்தான் போகிறது. தாயின் உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமலேயே இது நடக்கலாம். உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். கீழ்ப்பட்டை வயிற்றின்மேல் கிடந்தால், இடிபடும்போது மொத்த அழுத்தமும் பிள்ளை இருக்கிற இடத்திலேயே இறங்கும். தோள்மேல் வரும் மேல்பட்டை பின்னால் போய்விட்டால் மேலுடம்பைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை, நீ ஸ்டியரிங்கின்மேல் மடிந்து விழுவாய். நான் நீட்டினேனே ஒரு கை, அதனால் எதையும் தடுத்திருக்க முடியாது.

அதனால் பெல்ட்டை இப்படிப் போடு. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் படிந்து, தொடையைத் தொட்டபடி இருக்கட்டும். மேல்பட்டை தோளின் நடுவிலிருந்து இறங்கி, இரண்டு மார்புக்கும் இடையில் வந்து, வயிற்றின் பக்கவாட்டில் போகட்டும். அக்குளுக்கு அடியில் விடாதே, முதுகுக்குப் பின்னாலும் விடவே விடாதே. பூட்டிய பிறகு மேல்பட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிடு, கீழே இருக்கும் தொய்வு போய்விடும். தடித்த மேலுடுப்பு போட்டிருந்தால் முன்பக்கத்தைத் திறந்துவிட்டு, உடம்பை ஒட்டிப் பட்டையைப் போடு. கழுத்தை அறுக்கிறது என்றால், கதவோரத் தூணில் பெல்ட் தொங்குகிற இடத்தை மேலும் கீழும் நகர்த்தப் பல வண்டிகளில் ஒரு பொத்தான் இருக்கும், பார். சரியாகப் போட்டால் அவ்வளவாக அழுத்தாது. முதல் இரண்டு நாள் மட்டும் புதிதாகத் தோன்றும்.

அடுத்தது சீட். உன் நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையில் குறைந்தது 25 சென்டிமீட்டர் வேண்டும், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும். பயந்துகொண்டு ஏர்பேக்கை அணைத்து வைக்காதே, பெல்ட்டும் அதுவும் சேர்ந்துதான் காப்பாற்றும். ஸ்டியரிங்கைச் சாய்க்க முடிந்தால் வயிற்றையோ முகத்தையோ பார்க்காமல் நெஞ்சைப் பார்த்தபடி வை. முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும். சௌகரியம் என்று நன்றாகச் சாய்த்துக்கொண்டால் இடிபடும்போது உடம்பு பட்டைக்கு அடியில் நழுவிவிடும். இடுப்பு வலித்தால் சின்னத் துண்டைச் சுருட்டி முதுகின் வளைவில் வைத்துக்கொள்.

வயிறு வாரா வாரம் வளர்கிறது, சீட்டும் வாரா வாரம் பின்னால் போகும். ஒருநாள் அந்த 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு உட்கார்ந்தால் பிரேக்கை முழுசாக மிதிக்கக் கால் எட்டாது. அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிடு. எத்தனையாவது வாரம் என்று கணக்குப் பார்க்காதே. நீ என் உயரம் இல்லை, அம்மாவின் உயரம். அந்த நாள் உனக்குச் சீக்கிரமே வரலாம். அதற்கப்புறம் மாப்பிள்ளை ஓட்டட்டும். அவர் ஓட்டினாலும் பெல்ட் இதே மாதிரிதான். முன்சீட்டில் உட்கார்ந்தால் சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளிக்கொள், பின்சீட் என்றாலும் நல்லதுதான்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களின் பதிவுகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கர்ப்பத்தின் நடு மாதங்களில், அவர்களே ஓட்டிச் சிக்கிய பெரிய விபத்துகள் கர்ப்பத்துக்கு முன்பைவிட 42 சதவீதம் கூடியிருந்தன. கடைசி மாதத்தில் அது குறைந்துவிட்டது. நீ அந்த நடு மாதங்களைத் தாண்டிவிட்டாய், சரி. ஆனால் அசதி தாண்டவில்லையே. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறாய், காலையில் அதே கண்ணோடு வண்டி எடுக்கிறாய். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். ஒரு கொட்டாவி நேரம் அதைவிட நீளம். முன்வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடு. திரும்பிப் பார்ப்பது இப்போது கஷ்டம், அதனால் மூன்று கண்ணாடிகளையும் புதிதாகச் சரிசெய். வாந்திக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். நீ சாப்பிடுவது அப்படிப்பட்டதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.

தூரப் பயணம் இப்போது வேண்டாம் என்பதுதான் என் ஆசை. போயே ஆகவேண்டும் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை இறங்கி நட. கர்ப்ப காலத்தில் ரத்தம் எளிதில் உறையும், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உண்டாகலாம். ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அலட்சியம் செய்யாதே. அடிக்கடி ஒன்றுக்கு வருகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதே. நின்று நின்று போ, யாரும் விரட்டவில்லை. தலை சுற்றினாலோ, கண் மங்கினாலோ, ஆடுதசை சுண்டி இழுத்தாலோ, சூட்டு வலி வந்தாலோ உடனே ஓரம்கட்டு.

சின்ன இடியோ, சடன் பிரேக்கோ, எதுவாக இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. வலி இல்லாவிட்டாலும் போ. குறைந்தது 4 மணி நேரமாவது மானிட்டரில் வைத்துப் பார்ப்பார்கள். ரத்தம் பட்டாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்காதே. உனக்கும் அம்மாவைப் போல நெகட்டிவ் ரத்த வகை. அதைப் போனவுடனே சொல். தேவைப்பட்டால் அதற்கென்று 72 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி போடுவார்கள். பரிசோதனைச் சீட்டுகளை வண்டியிலேயே ஒரு பையில் வைத்துவிடு.

பிரசவ வலி வந்தால் நீயாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காதே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாளில் யாரைக் கூப்பிடுவாய் என்று இப்போதே இரண்டு பேரைச் சொல்லி வை. ஆம்புலன்ஸ் எண்ணும் போனில் முதலில் இருக்கட்டும்.

நாளைக் காலையில் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வண்டியை எடுப்பதற்கு முன் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. பட்டை எங்கே இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் சரி என்று பதில் போடுகிறேன், அப்புறம் கிளம்பு.

அன்புடன்,
அப்பா