வாத்தியம் அப்புறம் வாங்கலாம், அத வைக்க ஒரு ரூம் வேணும்: நம்ம ஸ்கூலுக்காக ஒரு வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கம். மானாமதுரை பக்கம் நம்ம ஊர் தொடக்கப்பள்ளியில படிச்சிட்டு இப்ப சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய்னு இருக்குற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிகளுக்கு பள்ளி மேலாண்மைக் குழு சார்பா எழுதுறோம். காசு கேக்கத்தான் எழுதுறோம், மொதல்லயே சொல்லிடுறோம். ஆனா எதுக்குன்னு முழுசா படிச்சிட்டு குடுங்க.

6 வருஷம் முன்னாடி உங்கள்ல சில பேர் சேந்து ஒரு ஹார்மோனியம், ஒரு டோலக், பத்து ஜோடி ஜால்ரா வாங்கிக் குடுத்தீங்க, ஞாபகம் இருக்கும். ஃபோட்டோ எடுத்தோம், டீ வடை சாப்ட்டோம், அதெல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. அப்புறம் கொண்டுபோய் வச்சது எங்கன்னா கடைசி ரூம்ல, உடைஞ்ச பெஞ்சு பழைய அட்டைப்பெட்டியோட தரையில. ரெண்டு மழைக்காலம் போயி எடுத்துப் பாத்தா எலி துருத்தியக் கடிச்சு வச்சிருக்கு, சத்தம் வர்ற பித்தளை ரீட் எல்லாம் களிம்பு, ஒரு கட்டைய அமுக்குனா சத்தம் வருது அடுத்த கட்டைக்கு வெறும் காத்துதான் வருது, டோலக் தோலு தொளதொளன்னு ஆயிருச்சு, ஜால்ரா 7 ஜோடி தேறுச்சு. வெக்கமாத்தான் இருக்கு, தப்பு எங்க மேலதான். அதான் இந்தத் தடவ யாராச்சும் "கீபோர்டு வாங்கித் தரவா"ன்னு கேட்டா வேணாங்கிறோம். மொதல்ல அதுக இருக்க ஒரு இடம் வேணும்.

மொத்தம் 63 பிள்ளைக. அரசாங்கத்தோட எண்ணும் எழுத்தும் திட்டப் பாடத்துல சின்ன வகுப்புக்கு முக்காவாசி பாட்டும் ஆட்டமும்தான், ஆனா ஒரு வகுப்பு பாட ஆரம்பிச்சா பக்கத்து வகுப்புல வாய்ப்பாடு சொல்ல முடியல. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்குற கலைத் திருவிழாப் போட்டிக்கு வேப்பமரத்தடியிலதான் பிராக்டிஸ், அதுவும் பதினோரு மணி வெயிலுக்கு முன்னாடி முடிச்சாகணும். மியூசிக் டீச்சர் கெடையாது, மூணாங்கிளாஸ் டீச்சர் சாயங்காலம் சொல்லிக் குடுக்குறாங்க. கும்மி சொல்லித்தர ரெண்டு அப்பத்தாமார் வாரேன்னு சொல்லிருக்காக. "எங்க காலத்துல இடமா தேடுனோம், ஆனாலும் இப்ப கால் வலிக்குது, ஒரு நாற்காலி போட்ருங்கத்தா"ன்னு ஒருத்தர் சொன்னாக. ஆக நாற்காலியும் லிஸ்டுல சேந்துருச்சு.

இப்ப ரூம் விஷயம். கடைசி ரூம் 20 அடிக்கு 18 அடி, சுத்தி மொட்டை சிமெண்ட் சுவர். உள்ள நின்னு கைதட்டிப் பாத்தோம், சத்தம் சுத்திச் சுத்தி வருது, நாப்பது பிள்ளைக சேந்து பாடுனா ஒரு வார்த்த புரியாது. கடையில ஸ்பாஞ்ச் மாதிரி ஒன்னு சொன்னாங்க, வெலையக் கேட்டுட்டு வந்துட்டோம். அதுக்குப் பதிலா ரெண்டு சுவத்துல மெத்துன்னு சாஃப்ட் போர்டு, தரைக்கு கோரைப்பாய், ஜன்னலுக்கு பழைய காட்டன் சேலையில கனமா திரை. சத்தத்த இதுகளே நல்லா இழுத்துக்கும், போர்டுல பிள்ளைக வரைஞ்சத குத்தியும் வைக்கலாம்.

அலங்காரம்னு ஆரம்பிச்சதும் கமிட்டியில ஒரே சண்டை. தெர்மோகோல்ல வெட்டி ஜிகினா ஒட்டலாம்னு ஒரு கோஷ்டி, ஆறு மாசத்துல தூசி அடைஞ்சு தொங்கும்னு ஒரு கோஷ்டி. கடைசில முடிவானது இதான்: ஒரு சுவத்துல ஏழு ஸ்வரத்துக்கு தரையில இருந்து ஏழு படி மாதிரி ஏழு கலர் பட்டை, ச கீழ, நி மேல, பிள்ளைக கைக்கு எட்டுற உயரத்துல, பாடிக்கிட்டே தொட்டுத் தொட்டு ஏறி எறங்கலாம். பக்கத்துலயே பழந்தமிழ்ப் பேரும் எழுதணும், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு. இன்னொரு பக்கம் வாத்தியப் படம், கீழ எந்த மரம் எந்த ஊருன்னு ஒரு வரி. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் ஆச்சா மரத்துல செய்யுறது, 2022ல புவிசார் குறியீடு கெடைச்சது, மிருதங்கத்துக்கு பலா மரம். பறை படம் கண்டிப்பா இருக்கும், அதுல பேச்சே கெடையாது.

நடுவுல கடம். நம்ம மானாமதுரை மண்ணுல செஞ்சத ஊர் ஊரா மேடையில வாசிக்கிறாங்க, நம்ம பிள்ளைக பாதிப் பேரு கடத்த கையால தொட்டதே இல்ல, இது என்ன நியாயம்? ஒரு கடத்துக்கு ஒரு சுருதிதான், சூளையில வெந்து வந்ததுக்கு அப்புறம் பெருசா மாத்த முடியாது. அதனால வேற வேற சுருதியில ரெண்டு வாங்கி தட்டிக் காட்டுனா பிள்ளைகளுக்கு டக்குனு வித்தியாசம் புடிபடும். உருண்டு உடையாம இருக்க அடியில வைக்கிற வளையம், பிரிமணை, அத நாங்களே முறுக்கிக்கிறோம்.

கணக்குக்கு வருவோம். ஒழுகல் அடைச்சு பெயின்ட் அடிக்க 14,000, ஜன்னலுக்கு எலி வராத கம்பி வலையும் பூட்டும் 6,500, செகண்ட்ஹேண்ட் இரும்பு பீரோ 9,000, கறையான் அரிக்காத கடப்பாக்கல் தட்டு 7,500 (ஒன்னாங்கிளாஸ் பிள்ளை தானே எடுத்து தானே வைக்கிற உயரத்துல), சாஃப்ட் போர்டு பாய் எல்லாம் 8,000, வயரிங் 4,000, ஹார்மோனியம் ரிப்பேர் 5,500, கடம், கோலாட்டக் குச்சி, ஒரு ஸ்பீக்கர், அப்பத்தா நாற்காலி சேத்து 11,500. ஆக மொத்தம் 66,000. டீச்சர்களும் நாங்களும் போட்டது 19,300 கையில இருக்கு. மிச்சம் 46,700 வேணும்.

நூறு ரூவாயும் பணம்தான், கூச்சப்படாதீங்க. தனி ஆள் நம்பருக்கு எதுவும் அனுப்பாதீங்க, மேலாண்மைக் குழு பேங்க் அக்கவுண்டுக்கு மட்டும். அக்கவுண்ட் விவரத்த ஸ்கூல்ல ஹெச்செம் கிட்ட கேட்டு வாங்கிக்கங்க. ஒவ்வொரு பில்லும் ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம். ஏப்ரல் கடைசிக்குள்ள கெடைச்சா மே லீவுல வேலைய முடிச்சிரலாம், ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது ரூம் ரெடியா இருக்கும். பேர் போட்ட கல்வெட்டு கெடையாது, அந்தக் காசுக்கு இன்னொரு கடம் வந்துரும்.

காசு தோதுப்படலன்னா பொருளா குடுங்க. காட்டன் சேலை, கொட்டாங்குச்சி, மூடியோட பழைய டப்பா (புளியங்கொட்ட போட்டு குலுக்க), முக்கியமா பீங்கான் கிண்ணம். சின்னதும் பெருசுமா ஏழெட்டு இருந்தா தண்ணி ஊத்தி ஜலதரங்கம் பண்ணலாம், தண்ணி கூடக் கூட சத்தம் எறங்கும், பிள்ளைகளுக்கு அது ஒரு வெளையாட்டு. விரிசல் விட்டது வேணாம், தட்டுனா டொக்குன்னுதான் கேக்கும். குடுக்குறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு தடவ ஸ்பூனால தட்டிப் பாத்துருங்க.