பரு மருந்தை எடுத்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்தகங்களில் பணிபுரியும் அன்பர்களுக்கு, வணக்கம்.

பருவுக்கு மருந்து எழுதுவது தோல் மருத்துவர்களாகிய நாங்கள். அதைக் கையில் கொடுப்பது நீங்கள். வாங்க வருவது பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை. நாங்கள் சொன்னதில் பாதி அதற்குள் மறந்திருக்கும், கூச்சத்தில் திரும்பக் கேட்கவும் கேட்காது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

அதிகம் தவறு நடப்பது அடபலீன் 0.1 சதவீத ஜெல்லில். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் தடவுகிறார்கள். வந்துவிட்ட பருவை ஆற்றுவதைவிட, கண்ணுக்குத் தெரியாமல் அடைபட்டுக்கொண்டிருக்கும் மயிர்த்துளைகளைத் திறப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஆகவே முகம் முழுக்கப் பூச வேண்டும். அதற்கு ஒரு பட்டாணி அளவு போதும். இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்ததும் நெற்றி, இரு கன்னங்கள், தாடை என்று தொட்டு வைத்துப் பரப்பச் சொல்லுங்கள். கண்ணோரமும் உதட்டோரமும் மூக்கு மடிப்பும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல். தொடக்கத்தில் தோல் உரியும், சிவக்கும். சிலருக்குப் பரு கூடியதுபோலவும் தெரியும். "ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும் என்பதைச் சொல்லாமல் கொடுத்தால் அந்த ட்யூப் பாதியில் குப்பைக்குப் போகும்.

பருக் கிருமியைக் கொல்லும் பூச்சு மருந்தான பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே போதும். 10 சதவீதம் எரிச்சலைத்தான் கூட்டும். துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும் என்று முன்பே எச்சரியுங்கள். சீட்டில் ஆன்டிபயாடிக்கான கிளிண்டாமைசின் ஜெல் தனியாக இருந்தால் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தனியாகப் பூசினால் கிருமிக்கு மருந்து பழகிப்போகும். பெராக்சைடும் சேர்ந்தால் அந்த ஆபத்து குறைவு. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், விழுங்கி அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். மூன்று நான்கு மாதம் தாண்டியும் அதே சீட்டு வந்தால் எங்களிடம் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்ததைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறோம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பருவுக்குக் கொடுக்காதீர்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். வாங்கியவர் தோழியையும் அழைத்து வருவார். மாதக்கணக்கில் பூசியபின் தோல் மெலியும், ரத்த நாளங்கள் தெரியும், புதுப் பருக்கள் கொத்தாகக் கிளம்பும். நிறுத்தினாலோ முகம் எரிந்து சிவக்கும். உடனே மறுபடி தேடி வருவது அதே களிம்பை. அப்படி வருபவருக்கு இன்னொரு ட்யூப் கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கடும் பருவுக்கு உட்கொள்ளும் ஐசோட்ரெடினோயினைச் சீட்டில்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிக்கும்; உண்ணும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. டாக்சிசைக்ளினும் இதுவும் ஒரே நேரத்தில் எழுதப்பட்டிருந்தால் இரண்டையும் கொடுக்காமல் எங்களை அழையுங்கள். இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறக்கூடும்.

வலிக்கும் கட்டிகள், குழி விழுந்த தழும்பு, பருவோடு மாதவிடாய் தவறுதல் ஆகியவை கடையில் தீராதவை. நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவிலான, அரிக்கும் பொரிகள் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் பரவும்.