மலரும் நினைவுகளை ஒதுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் சிங்கப்பூர்ச் சிறுகதைகள் கம்பத்து (கிராமத்து) வீட்டையும் லிட்டில் இந்தியாவான பழைய தேக்காவையும் விட்டு நகரவில்லை, இளையர்கள்கூட 'அந்தக் காலத்தில்' என்றுதான் கதையைத் தொடங்குகிறார்கள் என்று கட்டுரையாளர் வருந்தியிருந்தார். கதைகள் அலுப்பூட்டுகின்றன என்றவரை சரி. ஆனால் பழைய நினைவுகளை எழுதுவதையே விட்டுவிட வேண்டும் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

புறநானூற்றின் 243ஆம் பாட்டில், தடியூன்றி, இருமலுக்கு நடுவே பேசும் முதியவர் ஒருவர் தம் இளமையை நினைத்து இரங்குகிறார். அந்தக் காலம் பொற்காலம் என்று பொத்தாம்பொதுவாக அவர் சொல்வதில்லை. துறையில் தாழ்ந்திருந்த மருத மரக்கிளையில் ஏறியதை, கரையில் நின்றவர்கள் திகைக்க ஆழமான மடுவில் துடுமெனக் குதித்ததை, அடியிலிருந்து மணலை அள்ளி வந்ததைச் சொல்கிறார். அள்ளி வந்த அந்த மணல்தான் பாட்டு. நம் கதைகள் பலவற்றில் குறைவதும் அதுதான்.

சிங்கப்பூரில் ஏக்கம் வயது பார்த்து வருவதில்லை. நான்கு வண்ணங்களில் நின்ற ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிக் குடியிருப்பு 1977ல் கட்டப்பட்டது. விரைவுச்சாலைக்காக 2018ல் இடிபட்டது. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த செங்கல் தேசிய நூலகம் 2004ல் சுரங்கச்சாலைக்கு இடம் விட்டது. வேறு ஊர்களில் பேரன் பேத்தி எடுத்த பிறகு வரும் ஏக்கம், இங்கே தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணியை முடித்த பையனுக்கே வந்துவிடுகிறது. ஓடி விளையாடிய புளோக்கே இல்லாதபோது அவன் அதைப் பற்றி எழுதாமல் வேறு எதை எழுதுவான்?

நான் வளர்ந்தது செம்பவாங் நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தள ஊழியர் குடியிருப்பில். 1971ல் பிரிட்டிஷ் படை வெளியேறியதை ஒட்டி வேலை இழந்த தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். பல குடும்பங்கள் ரஜூலா கப்பலில் ஊர் திரும்பின. பக்கத்து வீட்டு அத்தை, கொண்டுபோக முடியாத அம்மிக்கல்லை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இடது கைக்காரர். அதனால் குழவி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். அம்மா மிளகாய் அரைக்கும்போதெல்லாம் அது அந்தப் பக்கமாகவே இழுக்கும். பிறகு அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததும், சத்தம் கேட்கிறது என்று கீழ்வீட்டார் சொல்ல, அடியில் சாக்கை மடித்துப் போட்டு அரைத்தார். அத்தையிடமிருந்து கடிதம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்படிப் பாதியில் பிரிந்த குடும்பங்களைப் பற்றி நம் கதைகளில் நான் அதிகம் படித்ததில்லை. மாறாக, கதவு எப்போதும் திறந்தே கிடந்த கம்பத்தையும் ஒரே குடும்பம்போல வாழ்ந்த அண்டை வீட்டாரையும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாளிக் கழிவறை இந்த நாட்டில் 1987ல்தான் முற்றாக ஒழிந்தது. அந்த வாளியும் பொதுக்குழாய்ச் சண்டையும் அடைமழையில் வீட்டுக்குள் ஏறிய தண்ணீரும் கதைக்குள் வரக்கூடாதா? லிட்டில் இந்தியாவின் சுவரோவியங்களையும் ரசித்துத்தான் பார்க்கிறேன். கிளி ஜோசியரும் பூக்கட்டுபவரும் அங்கே அழகாக இருக்கிறார்கள். அவர்கள் மாலையில் எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள், எவ்வளவு கடனோடு திரும்பினார்கள் என்பதை எழுத்தாளர்தான் சொல்லியாக வேண்டும்.

இளையர்களுக்குச் சொந்த நினைவு இல்லையென்றால் கேட்டு எழுதலாம். வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் நேர்காணல்களைப் பதிவு செய்து வருகிறது. தமிழில் பேசியவர்களின் குரலும் அங்கே இருக்கிறது. 1982ல் மூடப்பட்ட உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை வழியனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நினைவுக் கதைகளை நிறுத்திவிடாதீர்கள். யாராவது 'எங்கள் கம்பம்' என்று எழுதி அனுப்பினால், எந்தக் கம்பம், எந்த ஆண்டு, அங்கே இருந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். பதிலோடு வரும் கதையை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்