நௌம்பர்க் பேராயருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பேராயர் நிக்கொலாஸ் ஃபான் ஆம்ஸ்டோர்ஃப் ஐயா,

உங்கள் பெயரை இன்று திருச்சபை வரலாறு படிக்கிறவர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள். அவர்களும் ஜெர்மனியில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரைப் பற்றிப் பேசும்போது போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். உங்களுக்கு அதில் வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன். அவருடைய ஆள் என்று சொல்லிக்கொள்வதில் உங்களுக்குப் பெருமைதான்.

1483ஆம் ஆண்டில், ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்துப் பிறந்தவர்கள் நீங்கள் இருவரும். அவர் சுரங்கத் தொழில் செய்தவரின் பிள்ளை. நீங்கள் டோர்காவில் பிறந்த பிரபு குலத்துப் பிள்ளை. அவருடைய ஆன்மிக வழிகாட்டியான ஸ்டௌபிட்ஸ் உங்கள் தாய்மாமன். 1519இல் கத்தோலிக்கத் தரப்போடு லைப்ஸிக் நகரில் நடந்த வாதத்துக்கும், 1521இல் பேரரசர் முன் அவர் விசாரிக்கப்பட்ட வோர்ம்ஸ் மன்றத்துக்கும் அவரோடு போனீர்கள். திரும்பும் வழியில், அவரைப் பாதுகாக்க ஏற்பாடு செய்யப்பட்ட நாடகமாகக் குதிரை வீரர்கள் அவரைக் 'கடத்திய'போது வண்டியில் நீங்களும் இருந்தீர்கள். மடத்தைவிட்டு வெளியேறிய கன்னியாஸ்திரி கட்டரீனா ஃபான் போரா தனக்குப் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று உங்களிடமே வந்து, கட்டினால் லூதரை, இல்லையென்றால் உங்களைக் கட்டுகிறேன் என்றாராமே! அவர் லூதரைக் கட்டினார். நீங்கள் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

சரி, நான் எழுத வந்தது ஜெர்மனியின் நௌம்பர்க் நகரம் பற்றி. 1541இல் அங்கே பேராயர் இறந்ததும், பேராலயக் குருக்கள் குழு வழக்கப்படி கூடி யூலியஸ் ஃபான் ஃப்ளூக்கைத் தேர்ந்தெடுத்தது. கத்தோலிக்கர்தான், ஆனால் நன்றாகப் படித்தவர், சமாதானத்தை விரும்பியவர். லூதர் பக்கம் நின்று சாக்சனியை ஆண்ட இளவரசர் யோகான் ஃபிரீட்ரிஷுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அந்தத் தேர்தல் செல்லாது என்று தள்ளிவிட்டு, உங்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். பிரபு குலம், படிப்பு, மனைவி மக்கள் இல்லை. வேறென்ன வேண்டும்? 1542 ஜனவரி 20 அன்று லூதரே உங்கள் தலையில் கை வைத்துப் பதவியில் அமர்த்தினார். அபிஷேகத் தைலம் இல்லாமல், வெண்ணெய், பன்றிக்கொழுப்பு, தார், தூபம் எதுவும் இல்லாமல் ஒரு பேராயரை ஆக்கிவிட்டோம் என்று பிறகு கேலியாக எழுதினார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஃப்ளூக்கின் இடத்தில் நின்று படித்துப் பாருங்கள், சிரிக்க முடியாது.

உங்களுக்கும் அந்தப் பதவி சுகமாக இல்லை. நிலமும் வரியும் நிர்வாகமும் இளவரசரின் அதிகாரி கைக்குப் போயின. உங்களுக்குச் சம்பளமும் சாப்பாடும். பழைய பேராயர்கள் சிற்றரசர்களாக வாழ்ந்த இடத்தில் நீங்கள் பெயருக்குத்தான் பேராயர். புலம்பி லூதருக்கு எழுதினீர்கள், அவர் தேற்றி எழுதினார். 1546இல் அவர் போய்விட்டார். மறு வருடம் மூல்பெர்க் போரில் கத்தோலிக்கரான பேரரசர் ஐந்தாம் சார்லஸ் உங்கள் இளவரசரைச் சிறைபிடிக்க, ஃப்ளூக் தன் பதவிக்கு வந்தார். நீங்கள் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

அப்புறம் நடந்ததுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. லூத்தரன்களைப் பெரும்பாலும் பழைய கத்தோலிக்க முறைக்கே திருப்ப 1548இல் பேரரசர் திணித்த 'இன்டெரிம்' என்ற தற்காலிகச் சமய ஏற்பாட்டை எழுதியவர்களில் ஒருவர் அதே ஃப்ளூக். அதை ஏற்க மாட்டோம் என்று மறுத்த மாக்டெபர்க் நகரத்தில் நீங்கள் இருந்தீர்கள். 1550 ஏப்ரலில் அங்கிருந்து வெளிவந்த அறிக்கையில் முதல் கையெழுத்து உங்களுடையது. மேலே இருக்கும் அரசன் மக்களின் விசுவாசத்தை அழிக்க வந்தால், கீழே இருக்கும் அதிகாரிகள் எதிர்த்து நிற்கக் கடமைப்பட்டவர்கள் என்றது அது. அன்றைய ஐரோப்பாவில் சாதாரணப் பேச்சா அது! ஓராண்டுக்கு மேல் முற்றுகை நீடித்தது. நகரம் கடைசியில் பணிந்தது, ஆனால் தன் சமயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அதனால்தான் கேட்கிறேன். பேரரசர் படையோடு வந்து உங்களைத் துரத்தியது அநியாயம் என்றால், இளவரசர் தேர்தலைத் தள்ளிவிட்டு உங்களை உட்காரவைத்தது மட்டும் எப்படி நியாயம்? நம் பக்கம் உண்மை இருக்கிறது, அது போதும் என்பீர்கள். ஃப்ளூக்கும் அதையேதானே சொல்லியிருப்பார்?

விட்டுக்கொடுக்கவே தெரியாத அந்தக் குணம்தான் உங்களை மாக்டெபர்க்கில் நிமிர்ந்து நிற்க வைத்தது. அதுவே 1559இல், நற்செயல்கள் மீட்புக்குக் கேடு என்று எழுதவும் வைத்தது. மீட்புக்கு நற்செயல்கள் அவசியம் என்று சொன்ன லூத்தரன் இறையியலாளர் கியோர்க் மயோருக்குப் பதிலடி. கோபத்தில் எழுதியது என்று விட்டுவிடலாம், ஆனால் நீங்கள் நிதானமாகத்தான் எழுதினீர்கள். 1577இல் உங்கள் லூத்தரன்களே கூடி இரண்டு வாக்கியங்களையும் ஒதுக்கிவைத்தார்கள்.

ஃப்ளூக் 1564இல் காலமானார், மறு வருடம் ஐசனாக்கில் நீங்கள். ஃப்ளூக் நௌம்பர்க்குக்குத் திரும்பியபோது அவருக்குக் கீழே லூத்தரன் போதகர்கள் இருந்தார்கள், பலர் மனைவி மக்களோடு. கத்தோலிக்கக் குருக்கள் கிடைக்காத நெருக்கடியும் ஒரு காரணம்தான், ஆனாலும் அவர்களை அப்படியே இருக்க விட்டார். நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்களா? எனக்குச் சந்தேகம்தான் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் துணிச்சலை மதிக்கும், உங்கள் நியாயத்தோடு ஒத்துப்போகாத ஒரு வாசகன்